தூக்கத்தைக் கெடுத்து வாங்கிய கருத்து

எங்கள் ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பக்கத்து இலையில் ஓர் இளம் உதவிப் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். இன்னும் பணியில் இருப்பவர், மரியாதைக்காக அழைக்கப்பட்டவர். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"சார், இப்ப பூங்கா கட்டணும்னா முதல்ல மக்கள் கருத்து கேட்கணும். புள்ளி புள்ளியா ஒரு கட்டத்தை அச்சடிச்சு ஒட்டி வைக்கிறோம். போனைக் காட்டினா கேள்வி வரும், பதிலை அமுக்கிட்டுப் போயிடலாம். உங்க காலத்துல கருத்து எப்படி சார் வாங்கினீங்க?"

"திட்டு வாங்கினோம் தம்பி. கருத்து அதுக்குள்ளயே இருந்தது" என்றேன்.

அவர் சிரித்தார். பாயசம் வந்தது, பேச்சு நின்றது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பதை அவருக்கு விளக்க முடியாமல் போனது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் சங்க மலர் அவர் கைக்குப் போகும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். டிப்ளமோ முடித்து ஓவர்சியராகச் சேர்ந்தேன். முதல் பத்து வருடங்களில் நான் பார்த்ததெல்லாம் சாக்கடை, சாக்கடையின் மூடி, மூடி இல்லாத சாக்கடை. எண்பதுகளின் நடுவில் இராஜபாளையத்துக்கு மாற்றினார்கள். வீட்டை மாற்றவில்லை, தினமும் பஸ்தான். பஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே போவேன். கண்டக்டர் என்னைக் கண்டதும் "அய்யா, இன்னைக்கு எம்புட்டு?" என்பார். அவருடைய கணக்கும் என்னுடைய கணக்கும் ஒத்துப்போனால்தான் அன்றைக்கு எனக்கு வேலை ஓடும்.

பூங்கா விவகாரம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. புங்கடி ஊரணி என்று ஒரு ஊரணி. மலையில் மழை பெய்தால் ஓடை வழியாக வந்து நிறையும். கோடையில் பாதியாகும், முழுக்க வற்றி நான் பார்த்ததில்லை. அதன் தென்கரையில் பழைய பூங்கா ஒன்று இருந்தது. கொம்பில்லாத சிமெண்ட் மான் ஒன்று, நடுவில் ஓட்டை விழுந்த சறுக்கு மரம் ஒன்று, உட்கார்ந்தால் இடப்பக்கம் இறங்கும் பெஞ்சுகள் மூன்று. நல்ல நிலையில் இருந்தவை புங்கை மரங்கள் மட்டும்தான், மொத்தம் முப்பத்தெட்டு. அதில் பாதிக்கு மேல் மேற்கு ஓரத்தில் நெருக்கமாக, தோப்பு மாதிரி நின்றன.

இந்தப் பூங்காவைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கி, மேலிடத்திலிருந்து வரைபடமும் அனுப்பிவிட்டார்கள். சுற்றிலும் கம்பி வேலி, இரண்டு கேட், நடுவில் நீரூற்று, ஊரணியைச் சுற்றி வட்டமாக நடைபாதை. மூலையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: காலை ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்ட வேண்டும், மாலை நான்கு மணிக்குத் திறக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் எங்களுக்குப் பொறியாளராக வந்தவர் கிரேஸ் மேடம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் ரொம்ப இளையவர். அவருடைய முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யார் எந்தப் புகாரோடு வந்தாலும் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுக்கச் சொல்வார், பாதிப் புகாரைக் கேட்பார். பாதியில் "அது எங்க இருக்கு? காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் காலால் செருப்பைத் தேடுவார். செருப்பு மாட்டிவிட்டால் மீதிப் புகாரை நடந்துகொண்டேதான் சொல்ல வேண்டும். வந்தவர்களில் பாதிப் பேர் தெருமுனை போவதற்குள் "பரவாயில்லை மேடம், நாங்களே பார்த்துக்கிடுதோம்" என்று கழன்றுகொள்வார்கள். கழலாதவர்களுடைய புகார் நிஜமானது என்று தெரிந்துவிடும். மனுக்களைப் பிரிக்க இதைவிட நல்ல வழியை என் சர்வீசில் நான் பார்க்கவில்லை. வெயில்தான் என் கவலை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குடை ஒன்றே ஒன்று.

வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து மேடம் கேட்டார். "இங்க இப்ப யார் யார் சார் வாராங்க?"

"காலைல நடக்கிறவங்க மேடம். சாயங்காலம் பிள்ளைங்க."

"நடுவுல?"

"நடுவுல யாரும் இல்லை. சும்மா பத்துப் பதினைஞ்சு பேர் படுத்துக் கிடப்பாங்க."

"அப்ப யாரோ இருக்காங்க" என்றார். ஊர்க்காரர்களைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம், ஆட்டோ வைத்து அறிவியுங்கள் என்று உத்தரவு போட்டார்.

அறிவிப்புக்கு நாங்கள் பிடித்தவர் பரமசிவம். சினிமாக் கொட்டகைக்கு விளம்பரம் சொல்லிப் பழகிய தொண்டை. மறுநாள் காலை வெயில் ஏறியதும், நிழலாக இருக்கிறதே என்று ஊரணியின் தென்கரையில், புங்கைத் தோப்புக்குப் பக்கத்திலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டார். "பொதுமக்களே! தாய்மார்களே! உங்கள் பூங்கா! உங்கள் கருத்து! திரண்டு வாரீர்!" என்று நிறுத்தாமல் முழங்கியிருக்கிறார். கருத்துக் கேட்பு அடுத்த வாரம்தான். ஆனால் மக்கள் அன்று மத்தியானமே திரண்டு வந்துவிட்டார்கள்.

எண்ணினேன், பதினேழு பேர். எல்லாரும் லுங்கி, தோளில் துண்டு, கக்கத்தில் சுருட்டிய பாய். பதினேழு ஜோடிக் கண்ணும் மிளகாய்ப் பழம். முன்னால் நின்ற நெட்டையான ஆளின் புருவத்தில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. அவர் பெயர் மைதீன் என்று பிறகு தெரிந்தது.

"எவம்லே அது மைக்குல கத்துனது? வெளிய வரச் சொல்லு!"

எங்கள் பியூன் நடுங்கிக்கொண்டே சொன்னார். "அண்ணே, உங்க கருத்தைக் கேட்கத்தான்..."

"தூங்குதவன எழுப்பிவிட்டு என்னலே கருத்து?"

பரமசிவம் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தார். மேடம் அறையிலிருந்து வெளியே வந்தார். "எல்லாரும் உட்காருங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி வேண்டாம்மா. தூக்கம் வேணும்" என்றார் மைதீன்.

"சரி. தூக்கம் எங்க இருக்கு? காட்டுங்க" என்று மேடம் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

கோபமாக வந்த கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பதினேழு பேரும், மேடமும், குடையோடு நானுமாக ஊரணிக்கரைக்கு நடந்தோம். போகிற வழியில் மைதீன் சொன்னதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம்.

இராஜபாளையத்து நூல் மில்களில் மூன்று ஷிப்ட். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வெளியே வருகிறவர்கள் பகலில்தான் தூங்க வேண்டும். மைதீனுடைய வீடு ஒரே அறை. அதில் மனைவி, மாமியார், நான்கு குழந்தைகள். பக்கத்துச் சுவரில் தகரப்பெட்டி செய்கிற பட்டறை. "நான் கண்ண மூடுத நேரம் பாத்துதான் அவன் பொட்டிக்கு மூடி அடிப்பான்" என்றார். பட்டறைக்காரருக்கும் வேறு நேரம் கிடையாது. அதனால் மைதீனுக்கும் மற்றவர்களுக்கும் புங்கைத் தோப்புதான் படுக்கையறை. ஏற்கெனவே இரண்டு தடவை மிஷின் முன்னால் நின்றபடியே கண் அசந்து, மில்லில் இரண்டு மெமோ வாங்கியிருந்தார். "மூணாவது வந்துச்சுன்னா வேலை போச்சும்மா. அதோட விட்டாக்கூடத் தேவல. ஓடுத மிஷின்ல கையைக் கொடுத்துட்டா?"

தோப்பைக் காட்டினார். பாய் விரித்துப் பழகிய இடங்களில் மண் மழமழவென்று பளபளத்தது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது மணிக்குப் பூட்டி நான்கு மணிக்குத் திறக்கும் கேட் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. காலையில் நடப்பவர்களுக்குத் தலைவர் வெங்கட்ராஜா சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டில் தெலுங்கு பேசுவார், வெளியே தமிழில் கண்டிப்பார். வேலியும் பூட்டும் கட்டாயம் வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அவர் மனைவி ருக்மணி அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "காலைல நடந்தா மூட்டு பிடிச்சுக்குது, வெயில் ஏறினாத்தான் கால் வருது அவளுக்கு. அந்த நேரத்துல பதினைஞ்சு ஆம்பளைங்க குறுக்க நெடுக்கக் கிடந்தா ஒரு பொம்பளை எப்படிம்மா தாண்டிப் போவா?"

"உங்க பூட்டு போட்டா அம்மாவும் அந்நேரம் உள்ளே வர முடியாதே சார்" என்றார் மேடம்.

சார் விடவில்லை. "அதுக்கு அவளுக்கு ஒரு சாவி கொடுங்க" என்றார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் அலுவலக மாடியில் நடந்தது. வரைபடத்தைச் சுவரில் மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டு நான்தான் விளக்கினேன். நீரூற்றைக் காட்டியதும் ஒரு பெரியவர் "ஊரணிக்குள்ள எதுக்குய்யா கிணறு?" என்றார். வேலியைக் காட்டும் புள்ளிக்கோட்டைப் பார்த்து ஓர் அம்மா, "எறும்பு வரிசை மாதிரி இருக்கு" என்றார். ஒரு மணி நேரம் கழித்து நான் கேட்டேன், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று. யாருக்கும் இல்லை. புரிந்தால்தானே ஆட்சேபிக்க முடியும். மேடம் எழுந்தார். "காகிதத்தைச் சுருட்டுங்க சார். தரையில போடுவோம்."

அப்படித்தான் அந்தப் பூங்கா முழு அளவில் மண்ணில் வரையப்பட்டது. முளை அடித்து, கயிறு கட்டி, பால்மாவு டப்பாவின் அடியில் ஆணியால் துளையிட்டு, சுண்ணாம்புத் தூளை நிரப்பிக் கயிற்றோடு ஆட்டிக்கொண்டே நடப்பது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் எல்லா ஓவர்சியரும் செய்கிற வேலைதான். ஒரு பூங்காவுக்கே போட்டது நான் கேள்விப்படாதது. மழை வந்தால் கரைந்துவிடும், ஆடு மிதிக்கும், காற்றடிக்கும் என்று வரிசையாகச் சொன்னேன். "அப்ப மறுபடி போடுவோம்" என்றார் மேடம்.

அதோடு ஒரு விதியும் வைத்தார். பிடிக்காத கோட்டை யார் வேண்டுமானாலும் காலால் அழிக்கலாம். ஆனால் அழித்தவர் போகக் கூடாது. டப்பாவை வாங்கி, அதற்குப் பதிலாகத் தன் கையால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஊரே வந்து அழித்தது. முதல் நாளே நீரூற்று போயிற்று. அழித்தவர் ஊரணியில் மாடு குளிப்பாட்டுகிறவர். பதிலுக்கு மாடு இறங்குகிற சரிவு ஒன்று வரைந்தார். தண்ணீருக்கு வரும் பெண்கள் வேலியில் படித்துறைப் பக்கத்தை அழித்தார்கள். அவர்களுடைய கோடுகள் கயிறே இல்லாமல் நேராக வந்தன. ஓர் அக்கா என் நடைபாதையைப் பார்த்துவிட்டு, "ஓவர்சியர் சார், இது என்ன, வயித்துவலி வந்த பாம்பு மாதிரி போகுது?" என்று டப்பாவைப் பிடுங்கித் திருத்தினார். திருத்திய கையோடு மூலையில் ஒரு தாமரைக் கோலமும் போட்டுவிட்டார்.

"இது பிளான்ல வந்துடும்மா!" என்று பதறினேன்.

"வந்தா அழகாத்தான் இருக்கும்" என்றார். இன்றைக்கும் குழந்தைகள் விளையாடும் மணல் மேடை தாமரை வடிவத்தில்தான் இருக்கிறது. எட்டு இதழ். ஒன்று கொஞ்சம் பெரிது.

ஒரு வாரத்தில் எல்லாக் கோடும் நிலைத்துவிட்டன, இரண்டைத் தவிர. ஒன்று கேட். மற்றது, புங்கைத் தோப்பு வழியாகப் போகும் நடைபாதை. வெங்கட்ராஜா சாரின் கோடு தோப்பின் நடுவே நேராகப் போகும். தூங்குகிறவர்களின் கோடு தோப்பைச் சுற்றித் தண்ணீர் ஓரமாகப் போகும். சார் விடியற்காலையில் வந்து அவர்கள் கோட்டை அழித்துத் தன் கோட்டைப் போடுவார். அவர்கள் சாயங்காலம் எழுந்ததும் அதை அழித்துத் தங்கள் கோட்டைப் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவார்கள். இரண்டு தரப்பும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. சுண்ணாம்பு மூட்டை மூட்டையாகத் தீர்ந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. மதிப்பீடு மேலே போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, போகாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

மேடம் ஒரு நாள் என்னிடம் கேட்டார். "சார், இந்த ரெண்டு கட்சியும் ஒரே நேரத்துல அங்க இருந்திருக்காங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. ஒருவர் வரும்போது மற்றவர் மில்லிலோ வீட்டிலோதான்.

மறுநாளே வெங்கட்ராஜா சாருக்குச் சொல்லி அனுப்பினார். அந்தக் கோட்டை நீங்களே கடைசியாகப் போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு யாரும் அழிக்கக் கூடாது. ஆனால் காலையில் வேண்டாம், உச்சி வேளையில் வாருங்கள். மைதீனிடமும் இதைச் சொன்னோம். அவர் முகம் தொங்கிவிட்டது. "அவிய போட்டா நேராத்தானம்மா போடுவாவ" என்றார். "போடட்டும். நீங்க எப்பவும் போல தூங்குங்க" என்றார் மேடம்.

மைதீனுக்கு அன்று தூக்கம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க மிஷினோடு நின்ற உடம்பு கவலையையெல்லாம் பார்க்காது. சார் வந்தபோது தோப்பில் பதினான்கு பேர். பதினான்கு பேரும் ஆழ்ந்த தூக்கம். சார் வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார், டப்பாவை வாங்கினார், கிழக்கே தொடங்கி நேராகப் போட்டுக்கொண்டே வந்தார். தலை குனிந்தே இருந்தது. இரண்டு மரத்தைத் தாண்டியதும் சுண்ணாம்பு விழ வேண்டிய இடத்தில் ஒரு கால் இருந்தது. மைதீனுடைய கால்.

சார் நின்றார். எல்லாக் கோட்டையும் ஆளில்லாத மண்ணில்தான் அதுவரை அவர் போட்டிருக்கிறார்.

"சார், எழுப்பிடவா?" என்று நான் ரகசியமாகக் கேட்டேன். மேடம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

சார் என்னைப் பார்க்கவே இல்லை. மைதீனின் வாய் குழந்தை மாதிரி லேசாகத் திறந்திருந்தது. காதோரத்திலும் புருவத்திலும் பஞ்சு. ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை. சார் குனிந்து ஈயை விரட்டினார்.

"வேண்டாம்யா" என்றார் மெல்ல. "வகுப்புல தூங்குனவன எழுப்பி எழுப்பியே என் சர்வீஸ் முடிஞ்சுது. ஒருத்தனாவது தூங்கட்டும்."

அந்த இடத்திலிருந்து அவர் டப்பாவைத் தட்டவில்லை. தட்டினால் சத்தம் வரும் என்று தூளைக் கையில் கொட்டி, விரல் நுனியால் தூவிக்கொண்டே போனார். மைதீனின் காலை ஒட்டித் திரும்பி, தோப்பை விட்டு வெளியேறி, தண்ணீர் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றிக் கோடு மறுபடி நேராயிற்று. ருக்மணி அம்மா யாரையும் தாண்ட வேண்டியதில்லை. பாதி வழியில் மைதீன் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் வெள்ளைக்கோடு, தலைக்கு மேலே தலைமையாசிரியர்.

"என்ன சார், எனக்கும் சேத்து பிளான் போடுதியளா?"

"நீ தூங்குலே" என்றார் சார். மைதீன் புரண்டு படுத்துக்கொண்டார்.

கேட் வரைந்திருந்த இடத்துக்கு வந்ததும் சார் அந்தக் கேட் கோட்டைத் தானே காலால் அழித்தார். விதி விதிதான் என்று மேடம் டப்பாவைக் காட்டினார். சார் யோசித்து, குறுக்கும் மறுக்குமாக நான்கு புள்ளி வைத்தார். நான்கு கல் தூண். மனிதர் உடம்பைத் திருப்பி நுழையலாம், மாடு நுழைய முடியாது, பூட்டவும் முடியாது. ஏனென்றால் பூட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

மைதீனுக்கு மூன்றாவது மெமோ வரவே இல்லை. மில்லில் அவர் வயது முடிந்து ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்துக்கே வந்து எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார். ருக்மணி அம்மா வெயில் ஏறியபின் நடந்தார், நான் மாற்றலாகும்வரை பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் முடிக்க நினைப்பது அந்த மத்தியானத்தில்தான். சுண்ணாம்புக் கோடு காற்றில் கலைவதற்குள் அதன்மேல் முளை அடித்தாக வேண்டும். அது என் பொறுப்பு. முதல் முளையைக் கோட்டில் நிறுத்திச் சுத்தியலை ஓங்கினேன். மேடமும் சாரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். சுத்தியலைக் கீழே வைத்தேன். தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. வெங்கட்ராஜா சார் வேட்டியின் முன்பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கும் கோட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மேடம் சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் முளைகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவதாக உட்கார்ந்தேன். மில் சங்கு ஊதி மைதீன் எழுந்து பாயைச் சுருட்டும்வரை மூவரும் அந்தக் கோட்டுக்குக் காவல் இருந்தோம்.